ஏமான் வந்திருந்த கல்யாணம்

இல்லக்கா, அது நாகர்கோவில் வண்டி இல்ல. எழும்பாண்டாம், இருங்க. அது களியிக்காவிளையோட திரும்பிரும். உங்க வண்டி வாறதுக்கு இன்னும் ஒரு மணிக்கூர் பிடிக்கும். நானா? நான் எங்கயும் போவல்ல. திருவனந்தபுரத்துலேருந்து ஒரு ஆளு வரணும். பதினொண்ணரை வண்டியில வருவாருன்னு சொன்னாவ, வரல்ல. ஒரு மணி வண்டியும் போச்சு. இனி ரெண்டே கால் வண்டி.

ஆமா, அந்தப் புளியமரத்து மூட்டுல நிக்கவிய எல்லாரும் எங்க ஊர்க்காரங்கதான். நாயனம், தவில், மாலை, எல்லாம் உண்டு. கல்யாணமா? அய்யோ இல்லக்கா, கல்யாணம் போன வருஷமே முடிஞ்சாச்சு. இது ஜெயில்லேருந்து வாறவருக்கு வரவேற்பு. எனக்க வீட்டுக்காரர்தான்.

முகம் மாற்றாண்டாம். களவோ கொலையோ ஒண்ணும் இல்ல. இந்த எல்லைச் சமரம் இருக்குல்லா, தமிழ் பேசுத தாலுகா எல்லாம் தமிழ்நாட்டோட சேரணும்னு, அதுல பிடிச்சோண்டு போனாவ. ஆடி கடைசியில கொண்டு போனது. எட்டு மாசம். இப்ப மந்திரிசபை மாறினபிறகு ஒவ்வொருத்தரா விடுதாவ. இன்னைக்கு இவருக்க முறை.

அங்க போய் நிக்கலாம்தான். நின்னு பாத்தேன். ஒருத்தி வந்து கன்னத்தைத் தொட்டு, நீ பாக்கியவதி மோளேன்னு சொல்லுதா. இன்னொருத்தி கண்ணு தொடைக்குதா. எனக்கு அங்க நிக்க முடியல்ல. அதான் இந்தக் கடை நெழலுக்கு வந்தேன். உங்களுக்கு ஒரு போஞ்சி சொல்லட்டா? நாரங்கா பிழிஞ்ச வெள்ளம்தான், வெயிலுக்குக் கொள்ளாம், நல்லாருக்கும். வேண்டாமா? நான் ஒண்ணு குடிச்சிட்டேன், இன்னும் ஒண்ணு குடிக்கணும்.

எங்க ஊரு இஞ்சேருந்து பொழியூர் போற வழியில. மூணாவது கலுங்கு, ரோட்டுல உள்ள சின்னப் பாலம்தான், அதைத் தாண்டி கிழக்க இறங்கணும். பாதி வீட்டுல தமிழ், பாதி வீட்டுல மலையாளம், மிச்ச வீட்டுல சண்டை வந்தா ஒரு பாஷை, சமாதானமானா இன்னொரு பாஷை. இப்பத்தான் யாரு எதுன்னு எண்ணிப் பாக்காவ. முன்ன யாரும் எண்ணினது இல்ல.

அங்க ஒரு வாசகசாலை உண்டு. நான் பாவாடை கட்டுத பருவத்துல தொடங்கினது. எனக்க அப்பா பரமசிவன்தான் பிரசிடென்ட். வருஷா வருஷம் மேடத்துல, சித்திரைதான், பள்ளிக்கூடம் பூட்டின பிறகு, ஒரு நாள் கூட்டம் கூடும். வேனல் கூட்டம்னு பேரு. காலையில வடம்வலி. பொழியூர் கடக்கரைக்காரங்க எட்டு பேரு வருவாவ, வடத்தைப் பிடிச்சிட்டு வெத்தலை போட்டுக்கிட்டே நிப்பாவ, இங்க பதினாறு பேரு வலிச்சாலும் அசைய மாட்டாவ. பெண்ணுவளுக்குப் பாட்டு நின்னா நாற்காலி பிடிக்குத கசேரகளி. மத்தியானம் சோறு, அவியல், புளிசேரி, சக்கப் பாயசம். பொழுது சாயுத நேரத்துல மேடை.

மேடையில என்ன விசேஷம்னு கேட்டியன்னா, அந்த வருஷம் ஊருல யாருக்கெல்லாம் ஒரு நல்லது நடந்துதோ அவங்களை எல்லாம் ஏத்தி நிறுத்தி, என்ன நடந்துதுன்னு வாசிச்சு, எல்லாரும் கைதட்டுவாவ. அம்பிடுதான். வீடு ஓடு போட்டவரு, புள்ள பெத்தவ, சிலோன்லேருந்து திரும்பி வந்தவரு, பென்ஷன் வாங்கினவரு. ஒரு வருஷம் பசு இரட்டைக் கன்னு போட்டதுக்கு ஒருத்தரை ஏத்தினாவ, பசுவையும் பிடிச்சோண்டு வந்துட்டாரு. சிரிக்கியளா? நானும் சிரிச்சேன். ஆனா அந்தக் கைதட்டு இருக்கே அக்கா, அதுக்காக ஒரு வருஷம் காத்துக் கெடப்பாவ. நான் சிக்ஸ்த் பாரம் தேறினப்போ, எங்க ஊருல தேறின முதல் பெண்ணு நானாக்கும், என்னையும் ஏத்துறதா இருந்தாவ. அது பத்தாம் வருஷக் கூட்டம். கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூத்து இருபத்தொம்பது மேடம். போன வருஷம்.

ஏத்தல்ல. அந்த மேடையே போடல்ல.

அது என்ன வண்டி? லாறியா? லாறிதான். இந்த வளைவுல எல்லாம் ஒரே சத்தமாத்தான் கேக்குது.

அந்த வருஷம் எங்க பக்கம் எதுக்கும் அனுமதி இல்ல. சமரம் சூடாயிட்டுது. அஞ்சு ஆளு சேந்து நின்னா போலீசு வந்து என்னவாக்கும் பேச்சுன்னு கேக்கும். அப்பா ரெண்டு தடவை ஸ்டேஷனுக்கு நடந்தாரு. ஆண்டுவிழாதான், புஸ்தகக் கணக்கு வாசிக்கணும், பாயசம் குடிக்கணும், வேற ஒண்ணும் இல்லன்னு சொன்னாரு. உள்ளதைச் சொன்னா வேற ஒண்ணும் உண்டு. நெய்யாற்றின்கரையில உள்ள எங்க பகுதியும் தமிழ்நாட்டோட சேரணும்னு தீர்மானம் போடணும்னு இருந்தாவ. அது போலீசுக்கும் தெரியும். கல்யாணம், சாவு அடியந்திரம், கோயில் காரியம், இதுக்கு மட்டும் கூடலாம், வேற கூட்டம் வேண்டாம்னு அனுப்பிட்டாவ.

அப்பதான் கிருஷ்ணன்குட்டி அண்ணன் சொன்னாரு, அப்பம் கல்யாணம் நடத்துவோம்னு.

கிருஷ்ணன்குட்டி அண்ணன் தையல்காரரு. அதா, எதிர்வரிசையில பூட்டிக் கெடக்கு பாருங்க, பச்சைக் கதவு, அந்தக் கடைதான். வீட்டுல மலையாளம் பேசுத ஆளு. ஆனா வாசகசாலை தொடங்கின நாலு பேருல ஒருத்தரு. எல்லை எவிடெ வந்தாலும் எனிக்கு ஒந்நுதன்னெ, சட்டைக்கு அளவு ரெண்டு பாகத்தும் ஒந்நுதன்னே, எல்லாம் ஒண்ணுதான்னு சொல்லிச் சிரிப்பாரு. அவருக்குத்தான் அந்தப் புத்தி தோணுச்சு. பந்தல் போடுவோம், நாயனம் வைப்போம், பெண்ணையும் மாப்பிள்ளையையும் மணையில இருத்துவோம், தாலி மட்டும் கெட்டாண்டாம். போலீசு தூரத்துலேருந்து பாத்தா கல்யாணம். உள்ள நம்ம ஆண்டுவிழா. யாராவது கேட்டா முகூர்த்தம் கழிஞ்சாச்சுன்னு சொல்லுவோம்.

எல்லாரும் சிரிச்சாவ. பின்ன சிரிப்பு நின்னுபோய், செய்யலாம்போல இருக்கேன்னு ஆச்சு.

யாரு வீட்டுல வைக்கது? அப்பா நெஞ்சைத் தட்டி எனக்க முற்றத்துலன்னுட்டாரு. எங்க வீட்டுல கல்யாணம் ஆவாத பெண்ணு யாரு? நான்தான். அம்மா ஒரு பாடு திட்டினா. பெத்த பிள்ளையை வச்சு நாடகம் களிக்கியளேன்னு. அப்பா, எடீ, பாவனைக்கு இருக்கதுக்கு என்னன்னு வாயை அடைச்சிட்டாரு. என்கிட்ட யாரும் கேக்கல்ல. கேட்டிருந்தா நான் சம்மதம்னுதான் சொல்லியிருப்பேன், அது வேற.

மாப்பிள்ளையா யாரு இருக்கதுன்னு வந்தப்போ கூடியிருந்த பத்து பேரும் ஒரே ஆளைத்தான் கைகாட்டினாவ. தாணுமாலயன். ஊருக்கு தாணு அண்ணன். எனக்கும் தாணு அண்ணன்தான் அப்போ.

நெய்யாற்றின்கரையில ஒரு அச்சாபீஸுல எழுத்துக் கோக்குத வேலை. தமிழும் கோப்பாரு, மலையாளமும் கோப்பாரு. தாய் தகப்பன் இல்ல, அச்சாபீஸுக்குப் பின்னால ஒரு முறியிலதான் தாமசம். சனிக்கிழமை சாயங்காலம் வாசகசாலைக்கு வருவாரு, கிழிஞ்ச புஸ்தகத்தை எல்லாம் பசை போட்டு ஒட்டிக் குடுப்பாரு. நான் மூணு வருஷம் நல்ல புஸ்தகத்தைக் கிழிச்சிருக்கேன் அக்கா. ஒட்டதுக்குக் கொண்டு குடுக்கணும்லா. அவரு தலை நிமிர மாட்டாரு. பக்கத்தை எண்ணுவாரு, பசை தடவுவாரு, காயட்டும், அடுத்த சனிக்கிழமை வாங்கிக்கோன்னு சொல்லுவாரு. அம்பிடுதான் பேச்சு.

ஏன் அவரை எல்லாரும் கைகாட்டினாவன்னா, அவருக்கு ஒரு சபதம் உண்டு. எல்லை பிரிஞ்சு தமிழ்நாட்டோட சேந்த பிறகுதான் எனக்குக் கல்யாணம், அதுவரைக்கும் என்கிட்ட அந்தப் பேச்சே எடுக்காண்டாம்னு. அதனால அவரு மணையில இருந்தா யாருக்கும் தப்பா தோணாது, பெண்ணுக்கும் ஒரு பேரும் வராதுன்னு கணக்கு. டில்லியிலேருந்து கமிஷன்காரங்க வரணும், விசாரிக்கணும், எழுதணும். அது எந்தக் காலத்துல முடியும்? எனக்கு அப்போ பத்தொம்பது. வடக்கேருந்து ரெண்டு கல்யாண ஆலோசனை வந்து முற்றத்துல நிக்குது.

அவருக்குச் சங்கடம்தான். என்னைப் பாக்காமலே அப்பாகிட்ட, பெண்ணுக்கு இஷ்டம் உண்டான்னு கேட்டாரு. அவளுக்கு என்னன்னு அப்பா சொல்லிட்டாரு. கல்யாணக்குறியும், பத்திரிகைதான், அவரே எழுத்துக் கோத்து அடிச்சுக் கொண்டு வந்தாரு. நிஜக் குறி மாதிரி இருக்கணும்லா. மணமகள் சத்யபாமா, மணமகன் தாணுமாலயன், வழிக்கு பொழியூர் ரோடு மூணாவது கலுங்குக்குக் கிழக்கு, எல்லாம் போட்டு. அந்த ரோஸ் காகிதத்துல எங்க ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல பாத்தப்போ, ரெண்டு பேரு மேலயும் விரலை வச்சு வச்சு வாசிச்சேன். பொய்க்கு அடிச்ச காகிதம்தான். ஆனா எழுத்து எழுத்தா எடுத்து எனக்க பேரை அவருக்க கையாலதானே கோத்திருக்காரு.

அந்த நாள் வந்துது. கிருஷ்ணன்குட்டி அண்ணன் எனக்கு ரவிக்கை, அவருக்கு ஜிப்பா எல்லாம் தைச்சுக் கொண்டு வந்தாரு, பாவனைன்னாலும் தையல் பாவனை ஆவாதுன்னு சொல்லிக்கிட்டு. எங்க வீட்டுக்குப் பக்கத்துல விஜயம்மான்னு ஒரு அக்கா, அவங்கதான் எனக்குத் தலை கெட்டினது. நாயனக்காரங்க வேற ஊரு, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நிஜக் கல்யாணம்னு நினைச்சு உருகி உருகி ஊதுதாவ. இருநூறு ஆளு கூடியாச்சு. என்னையும் அவரையும் மணையில இருத்தியாச்சு. இனி அப்பா எழும்பிப் புஸ்தகக் கணக்கு வாசிக்கணும்.

அப்ப ஒரு ஜீப்பு கலுங்குல வந்து நின்னுது.

இன்ஸ்பெக்டரு. எங்க பக்கம் ஏமான்னுதான் சொல்லுவோம். தனியா இல்ல, ரெண்டு போலீசும் உண்டு. ஏமான் தொப்பியைக் கழத்திக் கையில வச்சுக்கிட்டு, இன்னொரு கையில ஒரு பொதியும் வச்சுக்கிட்டு முற்றத்துல ஏறி வந்தாரு. நாயனக்காரனைத் தவிர எல்லாருக்கும் மூச்சு நின்னுபோச்சு. அப்பா போய்க் கும்பிட்டாரு. முகூர்த்தம் எத்ர மணிக்கான்னு ஏமான் கேட்டாரு. கழிஞ்சாச்சுன்னு சொல்லணும்னுதானே பறஞ்சு வச்சது. அப்பா அந்த முகத்தைப் பாத்து நடுங்கி, இனி அரை மணிக்கூர் உண்டு ஏமானேன்னு சொல்லிட்டாரு. என்னா மதி, இருந்து பாத்துட்டே போறேன்னு, முதல் வரிசையில கசேர இழுத்துப் போட்டு இருந்துட்டாரு அவரு.

இனி என்ன செய்யது? இல்லன்னு சொன்னா எல்லாம் பொய்யுன்னு ஆயிரும். வாசகசாலைக்காரங்க முப்பது முப்பத்தஞ்சு ஆம்பிளையும் ஜெயிலுக்கு அகத்து. தீர்மானம் எழுதின காகிதம் அப்பாவுக்க மடியில இருக்கு. கிருஷ்ணன்குட்டி அண்ணன் தூணைப் பிடிச்சிட்டு நிக்காரு.

தாணு அண்ணன் மணையிலேருந்து எழும்பினாரு. கால் கழுவணும்னு சொல்லிக் கிணத்தங்கரைக்குப் போனாரு. போற போக்குல விஜயம்மா அக்காகிட்ட ஏதோ சொன்னாரு, அக்கா என்னையும் பின்பக்கமா கூட்டிட்டுப் போனா. அங்க வாழை மூட்டுல நின்னு அவரு முதல் தடவையா எனக்க முகத்தைப் பாத்துப் பேசினாரு.

சத்யபாமா, உள்ளதைச் சொல்லணும். உனக்கு இதுல சம்மதம் இல்லன்னா ஒரு வார்த்தை போதும். நான் போய் அவருகிட்ட, எல்லாம் நான் ஒருத்தன் செஞ்சதுன்னு சொல்லிருதேன். என்னை மட்டும் கொண்டு போவட்டும். எங்க சமரத்துக்காக உனக்க ஜீவிதத்தை நான் எடுக்க மாட்டேன்னாரு. நெத்தியில வேர்வை வழியுது, சந்தனம் கரைஞ்சு ஒழுகுது. தொடைக்கணும்போல இருந்துது எனக்கு.

நான் தலையைத் தாழ்த்திக்கிட்டே சொன்னேன். அப்பாவுக்கு இழுப்பு உண்டு, லாக்கப்புல கெடந்தா தாங்க மாட்டாரு. ஊருக்காக நான் இருக்கேன்னேன்.

ஊருக்காகன்னேன்.

அவரு என்ன செஞ்சாரு தெரியுமா? என்னைப் பாத்துக் கைகூப்பினாரு. கோயில்ல கும்பிடுவாவல்லா, அது மாதிரி.

பின்ன என்ன, மஞ்சள் கிழங்கு கெட்டின நூலு பாவனைக்குன்னு தட்டுல கெடந்துது. அதைத்தான் கெட்டினாரு. நாயனக்காரன் கொட்டித் தீத்தான். ஏமானும் எழும்பி பூவும் அரிசியும் போட்டாரு. எங்க அம்மா சத்தம் போட்டு அழுதா, பெண்ணைக் குடுக்க அம்மைக்குச் சங்கடம்தான்னு ஏமான் பக்கத்துல இருந்தவருகிட்ட சொன்னாரு. ஏமான் கொண்டு வந்த பொதியில ஒரு ஜோடி படுக்கை விரிப்பு. இருந்து உண்டு, ரெண்டு தடவை பாயசம் வாங்கிக் குடிச்சு, மூணு மணி வரைக்கும் போவல்ல. அப்பாவுக்குப் பொறுக்கல்ல. எழும்பி, மணமக்களை வாழ்த்திப் பேசுதேன்னு தொடங்கி, பத்து வருஷத்துக்கு முன்ன நாலு பேரு கண்ட கனவு இது, இன்னைக்கு ஆயிரத்து இருநூறு புஸ்தகமா வளந்து நிக்குதுன்னு ஆண்டறிக்கையை வாசிச்சிட்டாரு. ஏமான் நல்லா தலையாட்டிக் கேட்டாரு. பெண்ணு படிச்சவளாக்கும்னு நினைச்சிருப்பாரு.

நீங்களும் சிரிக்கிய. எல்லாரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாவ, இப்பவும். நான் மட்டும் சிரிக்க முடியாம எழும்பிப் போயிருவேன்.

ஏன்னு கேக்கியளா? என்ன சொல்லட்டு. கெட்டினபிறகு அவரு எங்க வீட்டுலயே தங்கினாரு. ஒரு மாசம் வரைக்கும் வெளி வராந்தாவுலயாக்கும் படுத்தது. உனக்கு மனசு வாறது வரைக்கும் நான் உள்ள வர மாட்டேன், நீ கேட்டு வாங்கின காரியம் இல்லியே இதுன்னு சொல்லிட்டாரு. நான் சோறு விளம்பினா பாதி எழும்பி நிப்பாரு. வெள்ளம் கோர விட மாட்டாரு. வாறவன் போறவன்கிட்ட எல்லாம், நான் ஜெயிலுக்குப் போவாம வெளிய நிக்கேன்னா இவ செஞ்ச தியாகம்னு சொல்லுவாரு. எனக்கு என்னென்னவோ வரும் வாயில. ஒரு தடவையாவது என்னைத் திட்டினா கொள்ளாம்னு இருக்கும். உப்பு வாரிப் போட்டுக் குழம்பு வச்சுப் பாத்தேன். நல்லாருக்குன்னு சொல்லி உண்டாரு.

ஆனி மாசம்தான் ஒரு வழிக்கு வந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழியூர் கடக்கரைக்கு நடந்துபோனோம், மழை பிடிச்சு, ஒரு வள்ளத்துக்க அடியில ஒதுங்கி இருந்தோம். அன்னைக்குச் சிரிச்சாரு. அப்புறம் ஒரு மாசம், ஒன்றரை மாசம். அவ்வளவுதான். ஆடியில ஜீப்பு வந்துட்டுது.

வழி கேக்காம வந்துது அக்கா. யாருகிட்டயும் நிறுத்தல்ல, மூணாவது கலுங்குல இறங்கி நேரா எங்க முற்றத்துக்கு. ஒரு போலீசுக்காரன் கையில அந்த ரோஸ் காகிதம். எங்க கல்யாணக்குறி. நானும் கண்டேன், அப்பாவும் கண்டாரு, பக்கத்து வீட்டுக்காரங்களும் கண்டாவ.

அவரைக் கொண்டு போனபிறகு ஊரு முழுக்க ஒரே பேச்சு. குறி ஸ்டேஷனுக்கு எப்பிடிப் போச்சு? அன்னைக்கு ஏமான் சரியா முகூர்த்தத்துக்கு எப்பிடி வந்தாரு? யாரோ காட்டிக் குடுத்திருக்கான். குறி எல்லாம் வீடு வீடா கொண்டு குடுத்தது யாரு? கிருஷ்ணன்குட்டி. இந்தத் திட்டம் யாரு சொன்னது? கிருஷ்ணன்குட்டி. போலீசுக்கு காக்கிச் சட்டை தைச்சுக் குடுக்கது யாரு? அதுவும் அவருதான். வீட்டுல என்ன பாஷை? அம்பிடுதான், தீர்ந்துது. இதுவரைக்கும் எண்ணாத ஆளுவ எல்லாம் அன்னைக்கு எண்ணினாவ.

யாரும் அடிக்கல்ல, திட்டல்ல. துணி கொண்டு குடுக்கத நிறுத்தினாவ. வாசகசாலைச் சாவி அவருகிட்ட ஒண்ணு இருந்துது, அப்பா அதைக் கேட்டு வாங்கினாரு. அப்பா கை நீட்டினப்போ அவரு இடுப்புலேருந்து சாவியை அவுக்கதுக்கு ரொம்ப நேரம் எடுத்துது. ஒருநாள் கடைப் பலகையில யாரோ சாணியை எறிஞ்சிருந்தாவ. அவரு அதைக் கழுவினாரு. மறுநாளும் எறிஞ்சாவ. கழுவினாரு. மூணாம் நாளு கடையைப் பூட்டிட்டுப் பாலராமபுரத்துல தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாரு.

போறதுக்கு முன்ன எங்க வீட்டுக்கு வந்தாரு. அப்பா உள்ளேருந்து வெளிய வரல்ல. நான்தான் முற்றத்துல நின்னேன். சத்யபாமே, ஞானல்ல, நீயெங்கிலும் விஸ்வசிக்கணும்னாரு. நான் சொன்னேன், அண்ணா நீங்க இல்லன்னு எனக்குத் தெரியும்னு. அந்த ஆளு தேம்பித் தேம்பி அழுதாரு அக்கா. ஊருல நீ ஒருத்தியாவது நம்பினியே, தெய்வம் உன்னைக் காக்கும்னு சொல்லிட்டுப் போனாரு.

நம்புகதுக்கு அதுல என்ன இருக்கு. ஸ்டேஷன்ல குறியைக் கொண்டு குடுத்ததே நானில்லியா.

ஆமா, நான்தான். கூட்டத்துக்கு ரெண்டு நாளு முன்ன. டைப்பு கிளாஸுக்குப் போறேன்னு சொல்லிட்டு, குறியை நோட்டுக்குள்ள வச்சுக்கிட்டுப் போனேன். அப்பா குடுத்து விட்டாரு, ஏமான் முகூர்த்தத்துக்கு முன்னயே வந்து, முன்வரிசையில இருந்து நடத்தித் தரணும்னு சொன்னாருன்னு சொல்லிக் குடுத்தேன். அங்க ஒரு ஏட்டு சிரிச்சாரு. இந்த சமயத்துல போலீசைக் கல்யாணத்துக்கு விளிக்கவும் ஒரு வீடு உண்டான்னு. அந்த மனுஷன் சந்தேகப்பட்டு வரல்ல அக்கா. மரியாதைக்கு வந்தாரு. விரிப்பு வாங்கிட்டு வந்தாருல்லா.

ஏமான் முன்னால இருந்தா அவரு தாலி கெட்டாம இருக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். அது வரைக்கும்தான் நான் நினைச்சது. அந்தக் காகிதம் அங்கயே கெடக்கும், ஆடியில அதுல உள்ள வழியைப் பாத்து வருவாவன்னு நினைக்கல்ல. கிருஷ்ணன்குட்டி அண்ணனை நினைக்கவே இல்ல. பத்து தடவை சொல்ல எழும்பியிருக்கேன். அப்பா முன்ன போவேன், என்ன மோளேன்னு கேப்பாரு, ஒண்ணும் இல்லன்னு வந்துருவேன். ஜெயில்லேருந்து இவரு எழுதினாரு, கிருஷ்ணன்குட்டி செஞ்சிருப்பான்னு எனக்கு நினைக்க முடியல்ல, ஆனா வேற யாருன்னு. அந்த வேற யாருங்கதுக்கு நான் பதில் எழுதல்ல. இஞ்ச எல்லாரும் சுகம்னு எழுதினேன்.

இன்னைக்கு இவரைக் கூட்டிட்டு நேரா வேனல் கூட்டத்துக்குத்தான் போறாவ. இவரு விடுதலை தெரிஞ்சு நாளை மாத்தி வச்சிருக்காவ. இப்ப தடை ஒண்ணும் இல்ல, மேடை போட்டாச்சு. எனக்கு ஒரு வாழ்த்துப் பத்திரம் உண்டு. அதா, வெள்ளைத் துணியில பொதிஞ்சு ஒருத்தர் கையில வச்சிருக்காரு பாருங்க, கண்ணாடி போட்டது. நான் நேத்தே வாசிச்சிட்டேன். ஊரைக் காக்க தன் வாழ்வைத் தந்த தியாகச் செல்வி சத்யபாமான்னு தொடங்குது. அதை அப்பா வாசிப்பாரு, இவரு பக்கத்துல நிப்பாரு, எல்லாரும் கைதட்டுவாவ. நான் அதைக் கேட்டுட்டு நிக்கணும்.

முடியாது. நாலு நாளா ஒத்தைக்கு இருந்து சொல்லிப் பாக்கேன். அடுப்புகிட்ட சொன்னேன், செவருகிட்ட சொன்னேன். ஆளு முன்ன வச்சு சொல்ல வருமான்னு தெரியல்ல. நீங்க வேற ஊரு, இனி நாம காண மாட்டோம். அதாக்கும் உங்ககிட்ட சொல்லிப் பாத்தது. கோவிக்காதீங்க.

சொல்ல வந்துட்டுது, இல்லியா? நாக்கு கொளறல்ல.

ஆமா, மேடையில ஊருக்குச் சொல்லுகதுக்கு முன்ன இவருகிட்ட. வீட்டுக்குப் போவ விட மாட்டாவ, வழியில வச்சுதான் சொல்லணும். ஏன் செஞ்சன்னு கேப்பாரு. என்னை விட்டுட்டுப் போவாரோ, சாணி எறிவாவளோ, தெரியாது. அப்பா என்ன ஆவாருன்னும் தெரியாது. கேட்டா, உங்கள எனக்கு வேணும்னு இருந்துது, அதுக்குத்தான்னு சொல்லணும். ஊருக்காகன்னு இனி ஒரு தடவை எனக்க வாயில வராது.

தவில் கொட்டுதாவ. வாறேன் அக்கா.